செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை: எங்கிருந்து தேடுவது?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிக்கொள்கிறேன். ஒன்பது வயதான பெட்ரோல் கார். மழைக்காலத்தில் மூன்று வாரம் வேப்பமரத்தடியில் நின்றது. ஊரிலிருந்து திரும்பி வந்து சாவியைத் திருப்பியபோது செல்ஃப் சோம்பலாகச் சுற்றியது. பேட்டரியை மாற்றினீர்கள். இப்போது செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை. நான்கு பிளக்குகளையும் மாற்றிப் பார்த்தாயிற்று. ஒர்க்ஷாப்பில் “ஸ்கேனர் பேசவில்லை, ஈசிஎம் போய்விட்டது, இருபதாயிரம் ஆகும்” என்கிறார்கள். கொடுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். ஈசிஎம் என்பது எஞ்சினை நடத்தும் கணினி, ஸ்கேனர் அதோடு பேசிப் பார்க்கும் கருவி. உண்மையிலேயே கெட்டுப்போன ஈசிஎம்களை என் தொழில் வாழ்க்கையில் இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். மற்றவை எல்லாம் மின்சாரம் வந்து சேராததால் செத்ததுபோல் கிடந்தவை. ஸ்கேனர் பேசவில்லை என்பதற்குப் பொருள், ஈசிஎம் பதில் சொல்லவில்லை என்பது மட்டுமே. ஏன் சொல்லவில்லை என்று யாரும் இன்னும் பார்க்கவில்லை.

செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறது என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது. பேட்டரி, செல்ஃப் மோட்டார், அதற்குப் போகும் தடித்த கேபிள், மூன்றும் சரி. இனி எஞ்சினுக்கு வேண்டியவை பெட்ரோல், தீப்பொறி, அமுக்கம், இவை மூன்றும் வேளை தவறாமல் வந்து சேர்வது. எது வரவில்லை என்பதைக் காரிடமே கேட்கலாம். முதல் பத்து நொடிக்கு ஸ்பேனர்கூட வேண்டாம், கண்ணும் காதும் போதும்.

சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பி நிறுத்துங்கள். செல்ஃப் அடிக்க வேண்டாம். டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். எஞ்சின் ஓடும்போது அது எரிந்தால் எல்லோரும் பதறுகிறார்கள். சாவி ஆன் நிலையில் எரியாமல் இருந்தால் ஒருவரும் கவனிப்பதில்லை. எரியவில்லை என்றால், ஒன்று அந்த பல்பு போயிருக்க வேண்டும், அல்லது ஈசிஎம் விழிக்கவே இல்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு காரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். இரண்டு இடங்களில் பார்த்து, பெட்ரோல் பம்ப், பிளக், பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில் எல்லாம் புதிதாகப் போட்டிருந்தார்கள். சாவியைத் திருப்பினேன், மஞ்சள் விளக்கு இல்லை. ஈசிஎம்முக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் மெயின் ரிலேயைக் கழற்றினால், அது உட்காரும் இடத்தில் ஒரு உலோக முனை பச்சை பூத்துக் கிடந்தது. சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கிப் போட்டதும் கார் ஸ்டார்ட் ஆனது. அதற்கு முன்பு செலவான தொகையை உரிமையாளர் சொன்னபோது எனக்கே வருத்தமாக இருந்தது.

அதே ஆன் நிலையில் பின்சீட்டுப் பக்கம் காதைக் கொடுங்கள். டேங்குக்குள் இருக்கும் பம்ப் இரண்டு மூன்று நொடி மெல்ல முனகிவிட்டு நிற்க வேண்டும். தெருவில் சத்தம் இருந்தால் பின்சீட்டைத் தூக்கிவிட்டு, வேறொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். அடுத்து, சாவிப் படமோ பூட்டுப் படமோ போட்ட விளக்கு வேகமாக மினுக்குகிறதா என்று பாருங்கள். மினுக்கினால் இமொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்பு அமைப்பு உங்கள் சாவியை ஏற்கவில்லை. இன்னொரு சாவி பீரோவில் இருக்கும், அதைப் போட்டுப் பாருங்கள். ஸ்டார்ட் ஆகி ஓரிரு நொடியில் அணைந்துவிடும் கார்களில் முதல் சந்தேகம் இதன்மேல்தான். வெளிக்கடையில் பொருத்திய அலாரமோ, பெட்ரோலை நிறுத்தும் ரிலே வைத்த ஜிபிஎஸ் கருவியோ இருந்தாலும் இதே கூத்து நடக்கும். வாடகைக் கார்களிலும் கடனில் வாங்கிய கார்களிலும் அந்த ரிலேயை நிறையப் பார்த்திருக்கிறேன். கையால் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு மழைக்காலத்தில் கைவிட்டுவிடும்.

கடைசியாக, செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். செல்ஃப் எஞ்சினை நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று வேகத்தில் சுழற்றுகிறது. கிராங்க் சென்சார் அந்தச் சுழற்சியைப் பார்த்தால்தான் ஈசிஎம்முக்கு எஞ்சின் சுற்றுகிறது என்பதே தெரியும். முள் கொஞ்சமாவது துடித்தால் நல்ல அறிகுறி. அசையாமல் படுத்துக் கிடந்தால் சென்சாரைச் சந்தேகிக்கலாம். ஆனால் அதை வைத்தே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. இவ்வளவு குறைந்த வேகத்தைக் காட்டாத மீட்டர்களும் உண்டு.

இவற்றைச் சேர்த்துப் படிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. பம்ப் முனகவில்லை, தீப்பொறி இல்லை, பெட்ரோலைத் தெளிக்கும் இஞ்செக்டர் திறக்கவில்லை என்று மூன்றும் ஒரே நாளில் காணாமல் போனால், மூன்று பொருட்கள் ஒன்றாகக் கெட்டிருக்கும் என்று நினைப்பது வீண். மூன்றுக்கும் பொதுவான ஒன்று அறுந்திருக்கிறது. அது மெயின் ரிலே, ஒரு ஃபியூஸ், ஒரு எர்த் வயர், கிராங்க் சென்சார், இமொபிலைசர் ஆகியவற்றில் ஒன்று. மாறாக, தீப்பொறி இருந்து பெட்ரோல் மட்டும் இல்லையென்றால், ஈசிஎம் வேலை செய்கிறது என்று பொருள். அப்போது பம்ப், அதன் ரிலே, வயர், டேங்க் என்று பின்பக்கமாகத் தேட வேண்டும்.

உங்கள் காருக்கு வருகிறேன். பேட்டரி மாற்றியதை நீங்கள் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். நான் பானட்டைத் திறந்ததும் முதலில் அங்கேதான் போவேன். பல கார்களில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் தடித்த கேபிளோடு ஒன்றிரண்டு மெல்லிய வயர்களும் சேர்ந்து வரும். ஈசிஎம்முக்கும் ஃபியூஸ் பெட்டிக்கும் அவை வழியாகத்தான் மின்சாரம் போகும். பேட்டரி மாற்றும் அவசரத்தில் அதில் ஒன்றை மாட்ட மறந்தால் செல்ஃப் சிங்கம்போலச் சுற்றும், எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது. நெகட்டிவ் பக்கத்தில் பாடிக்கும் எஞ்சினுக்கும் போகும் எர்த் வயர்களையும் கையால் அசைத்துப் பாருங்கள். இதற்குப் பத்துப் பைசா செலவில்லை.

அடுத்த சந்தேகம் எலி. மழைக்காலம், மூன்று வாரம் அசையாத கார், பக்கத்தில் மரம்: எலிக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்காது. பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் பஞ்சு பிய்ந்திருக்கிறதா, புழுக்கை கிடக்கிறதா, ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பின்னாலும் கியர் பெட்டிக்கு மேலேயும் கடலைத்தோல், இலைச்சருகு சேர்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இஞ்செக்டர் வயர், சென்சார் வயர் போன்ற மெல்லியவற்றைத்தான் எலி சுலபமாகக் கடித்துவிடுகிறது. முழுதாக அறுந்திருந்தால் கண்ணில் படும். உறை மட்டும் பிய்ந்து செம்பு பாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் தேடித்தான் பிடிக்க வேண்டும். புகையிலை கட்டித் தொங்கவிட்டால் எலி வராது என்பார்கள். புகையிலைப் பொட்டலத்தின் மேலேயே கூடு கட்டியிருந்த எலியை நான் பார்த்திருக்கிறேன்.

அறுந்த வயரைச் சேர்க்கும்போது முறுக்கி டேப் சுற்ற விடாதீர்கள். ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயைப் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஐப்பசியில் இதே கேள்வியோடு வருவீர்கள்.

எலிக் கடிக்கும் “ஈசிஎம் போய்விட்டது” என்ற தீர்ப்புக்கும் நெருங்கிய உறவு உண்டு. பல சென்சார்களுக்கு ஈசிஎம் தன்னிடமிருந்து 5 வோல்ட் கொடுக்கிறது. அந்த ஒரே லைன் நான்கைந்து சென்சார்களுக்குப் பிரிந்து போகும். அதில் ஒரு வயர் பாடியைத் தொட்டாலோ, ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனாலோ 5 வோல்ட் மொத்தமாகச் சரிந்துவிடும். சில கார்களில் அப்போது மஞ்சள் விளக்கும் எரியாது, ஸ்கேனரும் பேசாது. பார்ப்பவர்களுக்கு ஈசிஎம் செத்ததுபோலவே இருக்கும். சாவியை ஆன் செய்து, ஏதாவது ஒரு சென்சாரின் கப்ளரை, அதாவது வயர் செருகும் இணைப்பைக் கழற்றி, மல்டிமீட்டரில் 5 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் மற்ற சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ, அதுவோ அதன் வயரோதான் குற்றவாளி. ஏசி கேஸ் அழுத்தத்தை அளக்கும் சென்சாரையும் விட்டுவிடாதீர்கள். ஏசிக்கும் எஞ்சின் ஸ்டார்ட் ஆவதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். சில கார்களில் இரண்டும் ஒரே 5 வோல்ட் லைனில் தொங்குகின்றன.

மல்டிமீட்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். உள்ளே அரித்துப்போய் ஓரிழை மட்டும் மிஞ்சிய வயரிலும் மல்டிமீட்டர் 12 வோல்ட் என்றே காட்டும், ஏனென்றால் அது மின்சாரத்தை ஏறக்குறைய இழுப்பதே இல்லை. பெட்ரோல் பம்புக்கோ நான்கைந்து ஆம்பியர் வேண்டும். அதனால் ஃபியூஸ், ரிலே, பம்ப் லைன் போன்ற இடங்களில் நான் 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயர் பற்றவைத்துச் சோதிப்பேன். பல்பு பளிச்சென்று எரிந்தால் லைன் நல்லது. மினுமினுத்தால் மீட்டர் என்ன சொன்னாலும் லைன் கெட்டது. அதே பல்பைச் சென்சார் வயர்களிலோ ஈசிஎம்மின் மெல்லிய பின்களிலோ வைக்காதீர்கள். அப்போது ஈசிஎம் உண்மையாகவே போய்விடும்.

பம்ப் முனகவில்லை என்றால் ரிலேயைச் சோதிக்கச் சுலபமான வழி, அதே எண் அச்சிட்ட ஹார்ன் ரிலேயைக் கழற்றி அங்கே மாட்டுவது. ரிலே நல்லது என்றால், பம்பின் கப்ளரில் பல்பை வைத்துச் சாவி போட்ட அந்த இரண்டு நொடிக்குள் எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தும் பம்ப் சுற்றவில்லை என்றால் பம்ப்தான். ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியால் மெல்லத் தட்டினால் சில சமயம் உயிர் வரும். வந்தால் சந்தோஷப்படாமல் நேராகப் போய்ப் பம்பை மாற்றுங்கள், மறுமுறை நடுரோட்டில்தான் நிற்கும். பம்ப் டேங்குக்குள் மூழ்கியிருந்து பெட்ரோலாலேயே குளிர்கிறது. எப்போதும் இருநூறு ரூபாய்க்குப் போட்டு ஓட்டும் கார்களிலும், கேஸில் ஓடுகிறதே என்று டேங்கை வறள விடும் கார்களிலும் பம்ப் சீக்கிரம் போவதற்கு அதுதான் காரணம்.

பம்ப் சுற்றுகிறது என்பதால் அழுத்தமும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் வகைக் கார்களில் பெரும்பாலும் 3 முதல் 4 பார் அழுத்தம் வேண்டும். அதை கேஜ் வைத்துத்தான் சொல்ல முடியும், இந்த வேலை மெக்கானிக்குடையது. பெட்ரோல் பைப்பைக் கழற்றிப் பீய்ச்சுகிறதா என்று நீங்கள் பார்க்க வேண்டாம்.

தீப்பொறிக்கு வருவோம். பழைய பழக்கத்தில் பிளக் வயரைக் கையில் பிடித்து எஞ்சின்மேல் காட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்போதைய காயில்கள் இருபதாயிரம் வோல்ட்டைச் சாதாரணமாகத் தாண்டும். முதலில் இஞ்செக்டர் கப்ளர்களைக் கழற்றிவிடுங்கள், பெட்ரோல் ஆவி சேராது. காயிலை வெளியே எடுத்து, ஒரு பழைய பிளக்கை அதில் செருகி, பிளக்கின் இரும்பு உடலை எஞ்சினோடு ஜம்பர் கேபிளால் இணைத்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீல நிறத்தில் சட்சட்டென்று வெட்டினால் சரி. மஞ்சளாக, சோர்வாக வந்தால் காயிலையும் அதற்கு வரும் மின்சாரத்தையும் பாருங்கள்.

கழற்றிய பிளக்கை முகர்ந்து பாருங்கள். நனைந்து பெட்ரோல் வாசனை அடித்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. காய்ந்து சுத்தமாக இருந்தால் பெட்ரோலே வரவில்லை. இந்த ஒரு சோதனை தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும். உங்கள் கார் இத்தனை முறை செல்ஃப் அடித்ததில் நனைந்தும் இருக்கலாம். பெரும்பாலான இஞ்செக்ஷன் கார்களில் ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் ஈசிஎம் பெட்ரோலை நிறுத்திவிடும், காற்று மட்டும் உள்ளே போய் உலர்த்தும். ஐந்தாறு நொடி அடித்து, ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்து மறுபடி அடியுங்கள். தொடர்ந்து அரை நிமிடம் அடித்தால் செல்ஃப் மோட்டார் சூடாகிப் புதுச்செலவு வரும். தள்ளி ஸ்டார்ட் செய்வதும் வேண்டாம். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும்.

பெட்ரோல் மூன்று வாரத்தில் கெடாது. தண்ணீர் கலந்திருந்தால் அது வேறு. இப்போது நமக்குக் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் கொஞ்சம் தண்ணீரைத் தன்னோடு இழுத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், பம்ப் உறிஞ்சும் இடமும் அதுதான். ஊருக்குப் போவதற்கு முன் அடைமழையில் பெட்ரோல் போட்டீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். மெக்கானிக்கிடம் சொல்லி ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் எடுத்துப் பத்து நிமிடம் வைத்தால், இரண்டு அடுக்காகப் பிரிவது கண்ணுக்குத் தெரியும்.

அமுக்கத்தைச் சத்தமே சொல்லிவிடும். நல்ல எஞ்சின் செல்ஃபில் “ரு... ரு... ரு...” என்று ஏறி இறங்கிச் சுற்றும். வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருந்தால் தையல் மெஷின்போல ஒரே சீராக, தேவையற்ற வேகத்தில் சுற்றும். அந்தச் சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள், வால்வுகள் வளையக்கூடும். நின்ற இடத்தில் பெல்ட் அறுவது அபூர்வம் என்பதால் உங்கள் காரில் இதைக் கடைசியில் வைக்கிறேன். வெள்ளத்தில் நின்ற காருக்கு மட்டும் இந்த வரிசை எதுவும் பொருந்தாது. 2015 டிசம்பரில் சென்னையில் பல எஞ்சின்கள் கெட்டது தண்ணீர் வடிந்த பிறகு செல்ஃப் அடித்துப் பார்த்ததால்தான். சிலிண்டருக்குள் போன தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். தண்ணீர் ஏர் ஃபில்டர் உயரத்தைத் தொட்டிருந்தால் சாவியைத் தொடாமல் இழுத்துச் செல்லுங்கள்.

டீசல் காராக இருந்தால் பிளக்கையும் தீப்பொறியையும் மறந்துவிட்டு, டீசல் தீர்ந்துபோய் லைனில் காற்று ஏறியதா, ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்ததா, இஞ்செக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் ரெயில் குழாயில் அழுத்தம் ஏறுகிறதா என்று போக வேண்டும். ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஈதர் ஸ்ப்ரே அடிக்கும் வேலை மட்டும் வேண்டாம். சிலிண்டரை முன்கூட்டிச் சூடாக்கும் குளோ பிளக் உள்ள எஞ்சினில் அது வெடித்துப் பிஸ்டனை உடைத்துவிடும்.

ஸ்கேனர் பேசத் தொடங்கிய பிறகு அதை நம்புங்கள். பி0335 என்ற பிழைக் குறியீடு வந்தால் கிராங்க் சென்சார் லைன், பி0340 வந்தால், வால்வுகளைத் திறக்கும் தண்டைக் கவனிக்கும் கேம் சென்சார் லைன். “லைன்” என்று சொல்வதைக் கவனியுங்கள்; சென்சாரை வாங்குவதற்கு முன் அதன் கப்ளரையும் வயரையும் பார்க்க வேண்டும். கூலண்ட் வெப்பநிலை மைனஸ் 40 என்று காட்டினால் அந்த வயர் அறுந்திருக்கிறது. எஞ்சின் பனியில் உறைந்திருப்பதாக ஈசிஎம் நம்பிவிட்டால் தேவைக்கு மேல் பெட்ரோலைக் கொட்டி பிளக்கை நனைத்துவிடும்.

நாளைக் காலை பேட்டரி முனையின் மெல்லிய வயர்கள், மஞ்சள் விளக்கு, பம்ப் சத்தம், எலிக் கடி, இந்த நான்கையும் நீங்களே பாருங்கள். அதன் பிறகு ஒர்க்ஷாப்பில், ஈசிஎம் கப்ளரில் 12 வோல்ட் வருகிறதா, எர்த் இருக்கிறதா, சென்சார்களைக் கழற்றிய நிலையில் 5 வோல்ட் வெளியே வருகிறதா என்று உங்கள் கண்முன் அளந்து காட்டச் சொல்லுங்கள். முதல் இரண்டும் சரியாக வந்து, எல்லாச் சென்சார்களையும் கழற்றியும், அந்த 5 வோல்ட் வயர் எங்கும் பாடியைத் தொடவில்லை என்று பார்த்த பிறகும், 5 வோல்ட் வராவிட்டால் ஈசிஎம் போயிருக்கலாம், நானும் ஒப்புக்கொள்வேன். அப்போதும் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒன்றை எடுத்து மாட்ட ஒத்துக்கொள்ளாதீர்கள். அது வேறொரு காரின் சாவியைத்தான் அடையாளம் வைத்திருக்கும். உங்கள் சாவியோடும் இமொபிலைசரோடும் இணைத்துத் தருவது இருபதாயிரத்துக்குள் அடங்குமா, தனிக் கணக்கா என்று முன்கூட்டியே கேட்டு, பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.